சும்மா பறக்க ஒரு முன்வரிசை இருக்கை

பிசினஸ் கிளாஸ் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் பத்துப் பதினான்கு மணி நேரப் பயணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எந்த இருக்கையில் சத்தம் வராது, எப்படி நன்றாகத் தூங்கலாம், இறங்கியதும் களைப்பில்லாமல் வேலைக்குப் போக என்ன செய்யலாம் என்பதே அவற்றின் அக்கறை. போய்ச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லாமல், பறக்கும் ஆசைக்காகவே இரண்டு மூன்று மணி நேரம் பறப்பவருக்கு அந்த அறிவுரைகளில் பாதி தலைகீழாகிவிடும். இங்கே தூக்கம்தான் நஷ்டம். இரவு விமானம் வேண்டாம். சமையல் பகுதிக்குப் பக்கத்து இருக்கை நல்லது. எந்த நிறுவனம் என்பதைவிட எந்த விமானம் என்பது முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிமிடக் கணக்கு. டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால், அது வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகக் கால் மணி நேரம் ஆகலாம். மேலே கிளம்பிப் பத்தாயிரம் அடியைத் தாண்டி, பணியாளர்கள் எழுந்து வேலையைத் தொடங்க ஏழெட்டு நிமிடம். இறங்குவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதே தட்டுகளை எடுத்துவிடுவார்கள், இருக்கையை நிமிர்த்தச் சொல்லிவிடுவார்கள். தரையைத் தொட்ட பிறகும் வாசலை அடைய ஐந்து பத்து நிமிடம். கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது சுமார் நாற்பது நிமிடம். விமானிகளிடம் ஒரு சுலபக் கணக்கு உண்டு: எத்தனை ஆயிரம் அடி உயரமோ, அதை மூன்றால் பெருக்கினால் அத்தனை கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 35,000 அடி என்றால் 105 கடல் மைல், ஏறக்குறைய 195 கி.மீ. அதனால்தான் 400 கி.மீ. தூரப் பயணத்தில் விமானம் ஏறி முடித்தவுடனே இறங்குவது போலத் தோன்றுகிறது.

இப்படிக் கழியும் ஐம்பது சொச்சம் நிமிடம் எந்தப் பயணத்திலும் பெரிதாக மாறாது. ஆகவே மூன்று மணி நேரப் பயணம், ஒன்றரை மணி நேரப் பயணத்தைப் போல இரண்டு மடங்கு அல்ல, மூன்று மடங்கு அனுபவ நேரம் தருகிறது. இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வரையிலான பயணமே இந்த ஆசைக்குச் சரியான அளவு. சாப்பாட்டை அவசரப்படாமல் சாப்பிடலாம், இருக்கையை விரித்துப் படுத்துப் பார்க்கலாம், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கவும் நேரம் மிஞ்சும். ஒன்றரை மணி நேரத்துக்குள் என்றால் இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போனால் அதுவும் நிறைவாக இருக்கும்.

அடுத்தது விமானம். 'பிசினஸ்' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இருக்கைகளுக்குள் இருக்கும் வித்தியாசம், பிசினஸுக்கும் எகானமிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. ஐரோப்பாவின் குறுந்தூர விமானங்களில் பிசினஸ் கிளாஸ் என்பது பெரும்பாலும் அதே எகானமி இருக்கைதான். மூன்று இருக்கை வரிசையில் நடு இருக்கையைக் காலியாக விட்டு, ஒரு திரையைப் போட்டுப் பிரித்திருப்பார்கள். சாப்பாடும், விமான நிலையத்தில் காத்திருக்கும் அறையான லவுஞ்சும் கிடைக்கும், கால் நீட்ட இடம் மட்டும் அதிகமாகாது. அமெரிக்க உள்நாட்டு 'முதல் வகுப்பு' இதைவிட அகலமானது: 2-2 வரிசை, சாயும் இருக்கை, முன்பின் இடைவெளி 36 முதல் 38 அங்குலம் வரை. ஆனால் அந்த உள்நாட்டு டிக்கெட்டை மட்டும் வைத்துப் பெரும்பாலும் லவுஞ்சுக்குள் நுழைய முடியாது. முழுக்கப் படுக்கையாக விரியும் இருக்கை வேண்டுமானால், நடுவில் இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்தான் பொதுவாக வழி: ஏர்பஸ் ஏ330, ஏ350, போயிங் 777, 787. ஒற்றை நடைபாதை ஏ321-லும் சில நிறுவனங்கள் படுக்கை இருக்கை வைத்திருக்கின்றன. அவை விதிவிலக்கு.

இவ்வளவு பெரிய விமானங்கள் ஏன் குறுந்தூரத்தில் பறக்கின்றன? ஒரு காரணம் விமான நிலைய நெருக்கடி. புறப்பட, தரையிறங்க ஒதுக்கப்படும் நேரம் குறைவாக உள்ள இடத்தில், கிடைத்த ஒரு வாய்ப்பில் இரண்டு மடங்கு ஆளை ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஜப்பானின் ஹனேடா–சப்போரோ, தென்கொரியாவின் கிம்போ–ஜெஜு போன்ற நெரிசலான வழித்தடங்களில் பெரிய விமானங்களைப் பார்ப்பது இதனால்தான். இன்னொரு காரணம் சரக்கு. மாட்ரிட்–லண்டன் வழியில் ஸ்பெயின் நிறுவனமான இபேரியா சில நேரம் ஏ350 விடும்போது, கீழ்த்தளச் சரக்கு அறைக்கும் அதில் பங்கு உண்டு. மூன்றாவது, நீண்ட பயணத்துக்கு இரவில்தான் கிளம்ப வேண்டிய விமானம் பகலில் சும்மா நிற்கக் கூடாது என்பது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது 'ஐந்தாம் சுதந்திர' வழித்தடங்கள். 1944-இல் சிகாகோவில் நடந்த மாநாட்டில், ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டில் என்னென்ன செய்யலாம் என்பதை 'சுதந்திரங்கள்' என்று வரிசைப்படுத்தினார்கள். ஐந்தாவது சுதந்திரம், தன் நாட்டிலிருந்து வரும் வழியில் இரண்டு அந்நிய நாடுகளுக்கு இடையேயும் பயணிகளை ஏற்றி இறக்கலாம் என்பது. துபாயிலிருந்து வரும் எமிரேட்ஸ் ஏ380 சிட்னியிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கும் பறப்பதும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் கேஎல்எம் சிங்கப்பூரிலிருந்து டென்பசாருக்குப் போவதும் இந்த உரிமையால்தான். நெடுந்தூரப் பயணத்துக்காக அமைத்த அதே கேபின் மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. விமானத்தின் பெரும்பகுதிப் பயணிகள் நடுவழியில் இறங்கிவிட்டால் இந்தத் துண்டில் இடமும் தாராளமாக இருக்கும். இப்படிப்பட்ட வழித்தடங்கள் பருவத்துக்குப் பருவம் வரும், போகும். பதிவு செய்யும் வாரத்தில் கால அட்டவணையைப் பார்ப்பது அவசியம்.

பெரிய விமானம் என்பது மட்டும் போதாது. ஒரே நிறுவனம் ஒரே ரக விமானத்தை இரண்டு மூன்று விதமான இருக்கை அமைப்போடு வைத்திருக்கும். ஜப்பானின் உள்நாட்டு 787, ஏ350 விமானங்களில் முன்வரிசை இருக்கை அகலமானது, வசதியானது, ஆனால் படுக்கை ஆகாது. உள்நாட்டுச் சேவைக்கென்று அமைத்தவை அவை. எந்த அமைப்பு என்று கண்டுபிடிக்க வழி இருக்கை வரைபடம்தான். முன் கேபின் 1-2-1 என்றிருந்தால் பெரும்பாலும் எல்லா இருக்கையும் நடைபாதையை ஒட்டியது, படுக்கையாக விரிவது. 2-2-2, 2-3-2 என்றால் பழைய தலைமுறை. படுக்கை ஆகலாம், ஆனால் ஜன்னலோரத்தில் இருப்பவர் பக்கத்திலிருப்பவரைத் தாண்டித்தான் எழ வேண்டும். அந்த எண்ணையும் விமான ரகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் விமானத்தை மாற்றினார்களா என்று தெரிந்துகொள்ள அதுவே அடையாளம்.

1-2-1 அமைப்பிலும் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்றில் எல்லா ஓரத்து இருக்கையும் ஜன்னலை நோக்கிச் சாய்வாகத் திரும்பியிருக்கும். எந்த வரிசையை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மற்றதில் வரிசைக்கு வரிசை மாறும்: ஒரு வரிசையில் இருக்கை ஜன்னலை ஒட்டி, நடைபாதைப் பக்கம் மேசை, அடுத்த வரிசையில் ஜன்னல் பக்கம் மேசை, இருக்கை நடைபாதையோரம். வெளியே பார்க்கத்தானே போகிறோம், நடைபாதையோர இருக்கையில் அகப்பட்டால் தலையை நீட்டி நீட்டிக் கழுத்து வலிக்கும். வரைபடத்தில் இருக்கைக் கட்டம் விமானச் சுவரை ஒட்டி வரையப்பட்ட வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கால் நுழைக்கும் பொந்தும் கவனிக்க வேண்டியது. முன்னிருக்கையின் பக்கமேசைக்கு அடியில்தான் நம் கால் போகும், உயரமானவருக்கு அது இறுக்கம். முதல் வரிசையில் முன்னால் இருக்கை இல்லாததால் பொந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். நீண்ட பயணத்தில் முதல் வரிசையைத் தவிர்க்கச் சொல்வது சமையல் பகுதியின் சத்தத்துக்காக. தூங்காதவருக்கு அந்தச் சத்தம் பொருட்டில்லை. பல விமானங்களில் உணவு முதலில் வருவதும் அங்கேதான். நாற்பது நிமிடக் கணக்கில் ஐந்து நிமிடம் முந்திச் சாப்பிடத் தொடங்குவது சிறிய லாபம் இல்லை.

சில விமானங்களில் ஓரிரு வரிசைகளுக்கு ஜன்னலே இருக்காது. சுவருக்குள் குழாய் ஓடும் இடம் அது. அந்த விமானத்தின் கேபின் படங்களைப் பார்த்துவிட்டு வரிசை எண்ணை முடிவு செய்வது நல்லது.

பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு வாய்ப்பைச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பும், எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியும் உள்ள நெடுந்தூர விமானம் குறுந்தூரத்தில் ஓடும்போது, சில நிறுவனங்கள் அந்த வகுப்புகளைத் தனியாக விற்பதில்லை. முதல் வகுப்பு இருக்கையை பிசினஸ் விலைக்கும், பிரீமியம் எகானமி இருக்கையை எகானமி விலைக்கும் கொடுத்துவிடும். சேவை கீழ்வகுப்பினுடையது, இருக்கை மேல்வகுப்பினுடையது. இருக்கை வரைபடத்தின் முன்கோடியில் நான்கு எட்டுப் பெரிய கட்டங்கள் தனியாகத் தெரிந்து, அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பிரீமியம் எகானமியின் முன்பின் இடைவெளி பொதுவாக 38 அங்குலம். மூன்று மணி நேரப் பகல் பயணத்துக்கு அதுவே தாராளம் என்பது என் எண்ணம்.

டிக்கெட் வாங்குவதில் நான்கு வழி. நேரடியாகக் குறைந்த பிசினஸ் கட்டணம், மைல் புள்ளிகள், எகானமி வாங்கிவிட்டு ஏலத்தில் உயர்த்திக்கொள்வது, செக்-இன் நேரத்தில் மிச்சமிருக்கும் இருக்கைக்குப் பணம் கட்டுவது. தூரத்தைப் படிகளாகப் பிரித்துப் புள்ளி கேட்கும் திட்டங்களில் குறுந்தூரப் பெரிய விமானத்துக்கு மிகக் குறைந்த படிதான் வரும். இந்த ஆசைக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் வரியும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் தனி. அவற்றையும் கூட்டி, காசுக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏலத்தில் ஒரு சங்கடம் உண்டு. முடிவு கடைசி ஒன்றிரண்டு நாளில்தான் தெரியும், கிடைத்தாலும் நல்ல இருக்கைகள் அதற்குள் போயிருக்கும். லவுஞ்ச் சேருமா, மைல் புள்ளி எந்த வகுப்புக்குரியதாக வரும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இருக்கைக்காகவே போகிறவர் ஏலத்தை நம்ப வேண்டாம். ஏற்கெனவே போயாக வேண்டிய பயணமாக இருந்து, கிடைத்தால் சரி என்றால் மட்டும் அது பொருந்தும்.

குறைந்த பிசினஸ் கட்டணங்கள் பெரும்பாலும் தேதி மாற்ற முடியாதவை, பணம் திரும்பாதவை. சேரும் இடம் முக்கியமில்லாத பயணத்தில் அது அதிகம் உறுத்தாது. விமானம் மாறிப்போனால்தான் உறுத்தும். போகும் பயணத்துக்கு வராமல் விட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் பறந்தால் போதும் என்று பாதியைக் கைவிட நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அதே நாளில், சில சமயம் அதே விமானத்திலேயே திரும்பி வருவது பலருடைய திட்டம். ஒற்றை நடைபாதை விமானம் தரையில் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் நிற்கும். பெரிய விமானம் ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணி நேரம். உள்நாட்டில் இது சுலபம். வெளிநாடென்றால் கவனம் வேண்டும். வந்திறங்கும் பகுதியிலிருந்து வெளியே போகாமலே புறப்பாட்டுப் பகுதிக்கு ஏறிச் செல்ல எல்லா விமான நிலையங்களிலும் வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் குடியேற்றச் சோதனை முடித்து அந்த நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை வழியாக உள்ளே வர வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம், ஒரு மணி நேரம் போதவும் போதாது. வழி இருக்கிறதா என்று விமான நிலையத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இரண்டு பயணத்துக்கும் கிளம்பும் முன்பே ஆன்லைனில் செக்-இன் செய்து, திரும்பும் போர்டிங் பாஸையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அனுப்பும் பெட்டி கூடவே கூடாது. இறங்கிய கையோடு திரும்பும் பயணியை அதிகாரிகள் கேள்வி கேட்பதும் இயல்பு. பறப்பதற்காக வந்தேன் என்று உள்ளதைச் சொல்லி, இரண்டு போர்டிங் பாஸையும் காட்டுவதே நல்ல பதில்.

போகும்போதும் வரும்போதும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகித் திரும்பும் விமானம் தவறினாலும் பேசிச் சரிசெய்ய இடம் இருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானத்துக்கு நீங்கள் வராதவர், அவ்வளவுதான். இரண்டு பயணத்துக்கும் நடுவே ஒரு வேளைச் சாப்பாட்டு நேரமாவது விடுவது என் பரிந்துரை.

நாளின் முதல் விமானத்தையே எடுங்கள். பெரும்பாலும் இரவு முழுக்க அங்கேயே நின்ற விமானம் அது, முந்தைய பயணத்தின் தாமதம் அதைத் தொடாது. நேரமாக ஆகத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பக்கத்துக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால் அது போகும் பயணமாக இருக்கட்டும். காலை வெளிச்சம், நேரத்துக்குக் கிளம்பும் வாய்ப்பு, உங்கள் வசத்தில் இருக்கும் லவுஞ்ச் நேரம் என மூன்றும் சேர்ந்து கிடைக்கும். பல லவுஞ்சுகள் புறப்பாட்டுக்கு 3 மணி நேரத்துக்கு முன்னால் உள்ளே விடுவதில்லை. ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தால் போதும். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். மேலே வரும் தட்டுக்கு இடம் வேண்டும்.

லவுஞ்சை விட்டுக் கடைசி நிமிடத்தில் எழுந்து போவதுதான் குறுந்தூரப் பயணிகள் செய்யும் பெரிய தவறு. பெரிய விமானத்தில் ஏற விடுவது புறப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே தொடங்கும். முதலில் ஏறும் உரிமைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். முதல் ஆளாக ஏறினால் ஆளில்லாத கேபினைப் படம் பிடிக்கலாம். கதவு மூடும் வரை கிடைக்கும் அரை மணி நேரமும் இருக்கையில் கழியும் நேரம்தான். முன்பு போட்ட நாற்பது நிமிடக் கணக்கில் இது சேரவில்லை. இருக்கையை முழுக்க விரித்துப் பார்ப்பது, விளக்கு, சார்ஜ் செய்யும் துளை, சாமான் வைக்கும் அறை எல்லாவற்றையும் கண்டுகொள்வது ஆகியவற்றை அப்போதே முடித்துவிடுங்கள். ஊரும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கை நிமிர்ந்தே இருக்க வேண்டும், தனியறைக் கதவு இருந்தால் திறந்தே இருக்க வேண்டும். தரையிலேயே சோதித்தால் மோட்டார் வேலை செய்யவில்லை என்பதும் உடனே தெரியும். பணியாளர்கள் இருக்கைக்கு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டாலே பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் வேறு இருக்கை கேட்க அதுதான் தருணம்.

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. ஆனால் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே பல நிறுவனங்கள் இப்போது தடை போட்டிருக்கின்றன. இருக்கையின் மின்சாரத்தையே நம்புங்கள். கைபேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை நகர்த்தவே கூடாது, பணியாளரைக் கூப்பிடுங்கள். நகரும் பாகங்களுக்கு நடுவே லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். படுக்கை இருக்கைகளில் இடுக்குகள் ஏராளம் என்பதால் பிசினஸ் கேபினில்தான் இந்த ஆபத்து அதிகம்.

உணவில் ஒரு நுணுக்கம். காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் உப்பும் இனிப்பும் மேலே மந்தமாகத் தெரியும். ஜெர்மனியின் ஃப்ராவன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக 2010-இல் இதைச் சோதித்துக் காட்டியது. தக்காளிச் சாறு தரையைவிட மேலே ருசியாக இருப்பதும் அதில் தெரிந்தது. முன்கூட்டிச் சொல்லும் உணவு வசதி இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குறுந்தூரத்தில் ஏற்றப்படும் தட்டுகள் எண்ணி வைத்தவை, கடைசி வரிசைக்கு வரும்போது தேர்வு இருக்காது. 787-லும் ஏ350-லும் கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது, பழைய ரகங்களில் 8,000 அடி வரை போகும். மூன்று மணி நேரத்தில் உடம்புக்கு இது பெரிய வித்தியாசமில்லை. மெத்தை, போர்வை, சிறு பை எல்லாம் பகல் பயணத்தில் தாமாக வராது. கேட்டால் இருப்பதைத் தருவார்கள்.

இந்தப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விமான மாற்றம். ஏ350 என்று வாங்கியது புறப்படும் நாளில் ஒற்றை நடைபாதை விமானமாக நிற்கும். பிசினஸ் டிக்கெட் பிசினஸாகவே இருப்பதால் நிறுவனத்தின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை, ஈடும் இல்லை. இரண்டு வாரம் முன்பு, மூன்று நாள் முன்பு, முந்தைய இரவு, அன்று காலை என இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் இருக்கை எண் தானாக மாறியிருந்தால் விமானமும் மாறியிருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால், இலவசமாக வேறு நேரத்து விமானத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். வகுப்பே கீழிறக்கப்பட்டால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும் பயணங்களில் அந்தப் பயணத்துக்கான டிக்கெட் விலையில் 1,500 கி.மீ. வரை 30 சதவீதமும், அதற்கு மேல் தூரத்தைப் பொறுத்து 50 அல்லது 75 சதவீதமும் 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். போர்டிங் பாஸ் இரண்டையும், பழையதையும் புதியதையும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எந்தப் பக்கம் உட்காருவது என்பது. பூமியின் வடபாதியில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கே பறந்தால் இடப்பக்கமும் மேற்கே பறந்தால் வலப்பக்கமும் கண் கூசாமல், தரை தெளிவாகத் தெரியும். தென்பாதியில் இது நேர்மாறு. பிசினஸ் கேபின் பெரும்பாலும் இறக்கைக்கு முன்னால் இருப்பதால் கீழே பார்வை மறைவதில்லை. 787-இன் ஜன்னல் 27-க்கு 47 செ.மீ., அதில் இழுத்து மூடும் பலகை இல்லை, பொத்தானால் கண்ணாடி நிறம் மாறும். பணியாளர்கள் எல்லா ஜன்னலையும் ஒன்றாக இருட்டாக்கிவிட்டால், உங்கள் ஜன்னலை மட்டும் தெளிய வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மற்ற விமானங்களின் நடுக் கண்ணாடியில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும், அழுத்தத்தைச் சமன் செய்யவும் ஈரம் படியாமல் இருக்கவும் வைத்தது. ஏறிய சிறிது நேரத்தில் அதைச் சுற்றிப் பனிப் படிகங்கள் பூவாக விரியும். ஒரு மென்துணியால் உள்கண்ணாடியின் கைரேகைகளைத் துடைத்துவிட்டு, கேமராவை அதற்கு மிக அருகில் வைத்தால் அந்தப் படிகங்களையும் எடுக்கலாம், குவியத்தைத் தள்ளி வைத்தால் கீழே நகரும் மேகத்தையும் எடுக்கலாம்.